கோலா சிலாங்கூருக்கு ஒரு நாள் போய் வாருங்கள்!



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருநாள் கட்டுரைப் பாடம். ‘நான் கண்டு மகிழ்ந்த இடம்’ என்று கரும்பலகையில் தலைப்பை எழுதிப் போட்டேன். வகுப்பில் மொத்தம் பதினான்கு பேர். ஐவர் பத்துமலையைப் பற்றி எழுதினார்கள். நால்வர் கெந்திங் மலையைப் பற்றி. மூவர் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம். மீதி இருவர் பாட்டி வீட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

எல்லாம் நல்ல கட்டுரைகள்தாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து கோலா சிலாங்கூர் கடற்கரை அரைமணி நேரப் பயணம். அங்கே உள்ள அலையாத்திக் காட்டையும், குரங்குகள் உலவும் குன்றையும், இரவில் மரம் முழுவதும் மின்னும் மின்மினிகளையும் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். “நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

குன்றைப் பார்த்தவர்கள் நால்வர். மின்மினியைப் படகில் போய்ப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? இந்தப் பள்ளிக்கு நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நானே அவர்களை அழைத்துச் செல்லவில்லையே! அன்று மாலையே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் பேசினேன். அடுத்த மாதம் அமாவாசைக்கு மறுநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஒரு பேருந்தை வாடகைக்குப் பேசினோம். பிள்ளைகள், பெற்றோர்கள், இரண்டு பாட்டிமார்கள் என முப்பத்தாறு பேர் புறப்பட்டோம். அந்த ஒரு நாளில் நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆறும் கடலும் கூடும் இடம்

தித்திவாங்சா மலைத்தொடரில், பிரேசர் மலைப் பக்கம் உற்பத்தியாகிறது சிலாங்கூர் ஆறு. கோலா குபு பாருவைத் தாண்டி, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, வளைந்து வளைந்து வந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அது கலக்கும் முகத்துவாரமே கோலா சிலாங்கூர். மலாய் மொழியில் ‘கோலா’ என்றால் முகத்துவாரம் என்றுதானே பொருள்!

கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து வருவோர் காப்பார், ஜெராம் வழியாக வரலாம். 2011-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை திறந்த பிறகு தலைநகரிலிருந்து வருவது இன்னும் சுலபமாகிவிட்டது.

இந்த வட்டாரம் நமக்கு அந்நியமானது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பின்பு கித்தா வந்தது. அதன்பின் செம்பனை வந்தது. சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, உப்புத் தண்ணீர் ஏறாமல் கரை கட்டி, இந்த மண்ணைத் தோட்டமாக்கியதில் நம் பாட்டன் பூட்டன்மார்களின் உழைப்பும் உண்டு. அந்தக் கரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கத்தான் நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

வேர் மூச்சு விடும் காடு

பிற்பகல் இரண்டு மணிக்கு கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவை அடைந்தோம். இது 1987-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1940-லிருந்து இயங்கி வரும் இயற்கைச் சங்கமும் சிலாங்கூர் மாநில அரசும் சேர்ந்து உருவாக்கிய பூங்கா. புக்கிட் மெலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் உள்ளது. உள்ளே நுழைந்ததும் காடு, பிறகு ஒரு குளம், அதற்கப்பால் கரை, கரைக்கு அந்தப் புறம் கடலோரச் சதுப்புக் காடு.

தமிழில் இதற்கு ‘அலையாத்திக் காடு’ என்று எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்! அலையை ஆற்றும் காடு. அலையின் வேகத்தைத் தணிக்கும் காடு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நம் நாட்டில் பினாங்கு, கெடா கரைகளில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை நாம் மறக்க முடியாது. அதன் பிறகுதான் கடலோரங்களில் இந்த மரங்களைத் திரும்ப நடும் வேலையை அரசாங்கம் 2005-இல் பெரிய அளவில் தொடங்கியது. வெறும் சேறு, வெறும் கொசு என்று நாம் முகம் சுளித்த காட்டின் மதிப்பு அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

நாங்கள் போன நேரம் கடல் வற்றியிருந்தது. சேறு எங்கும் பென்சில் பென்சிலாக எதுவோ நட்டு வைத்ததுபோல் குத்திட்டு நின்றது. “யார் சார் இவ்வளவு குச்சியை நட்டு வைத்தது?” என்றான் ஒரு பையன். அவை குச்சிகள் அல்ல, வேர்கள். இந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது. ஆகவே அப்பி-அப்பி என்னும் மரமும் பெரெம்பாங் என்னும் மரமும் தம் வேர்களை மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகின்றன. பாக்காவ் மரமோ வேறு விதம். கால்களை அகட்டி ஊன்றியதுபோல் வேர்களைப் பரப்பி நிற்கிறது. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட முருங்கைக்காய்போல் தொங்குகிறது. முற்றியதும் விழுந்து சேற்றில் செருகிக்கொள்ளும். இல்லையேல் நீரில் மிதந்து போய் வேறோர் இடத்தில் வேர் விடும்.

அப்பி-அப்பி இலை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். “உப்பு சார்!” என்று கூவினார்கள். கடல் நீரைக் குடித்துவிட்டு, வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது அந்த மரம். பாடப் புத்தகத்தில் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தாலும் புரியாத பாடம், ஒரு நக்கில் புரிந்துவிட்டது.

சேற்றைக் கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு சேறே நகர்வதுபோல் தோன்றும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக உள்ள ஆண் நண்டுகள், அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண் நண்டுகளை அழைக்கும். மலாய்க்காரர்கள் தெம்பாக்குல் என்று சொல்லும் மீன், நீரை விட்டு வெளியே வந்து துடுப்பால் தத்தித் தத்தி நடக்கும். மீன் எப்படி வெளியே உயிரோடு இருக்கிறது? செவுள் அறையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஈரமான தோலாலும் மூச்சு விடுகிறது. உடும்பும் உண்டு. வாய்த்தால் நீர்நாய்களையும் காணலாம். எங்களுக்கு அன்று நீர்நாயின் கால்தடம் மட்டும்தான் கிடைத்தது.

நாம் வாங்கித் தின்னும் இறாலிலும் மீனிலும் பல வகை, குஞ்சுப் பருவத்தை இந்த வேர்களுக்கிடையில் ஒளிந்துதான் கழிக்கின்றன. காடு போனால் குழம்புச் சட்டியும் காலி என்பதைத் தாய்மார்களுக்கு அங்கேயே சொன்னேன்.

முட்டை எடையுள்ள பயணி

இந்தப் பூங்காவிலும் கரையிலும் ஏறத்தாழ 150 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. நாரை, கொக்கு, மீன்கொத்தி ஆகியவை ஆண்டு முழுவதும் இருப்பவை. நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் இங்கே சர்வ சாதாரணம். வெள்ளை வயிறு கொண்ட பெரிய கடற்கழுகும் வட்டமிடும்.

ஆனால் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வருகிற விருந்தாளிகள்தாம் விசேஷமானவர்கள். வடக்கே சைபீரியாவிலும் திபெத்துப் பக்கத்திலும் பனி விழத் தொடங்கியதும், அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. பவளம்போன்ற சிவந்த கால்களையுடைய பவளக்காலி, வளைந்த நீள அலகுகொண்ட உள்ளான் வகைகள், உப்புக்கொத்திகள் எனக் கூட்டங்கூட்டமாக வந்து இந்தச் சேற்றில் புழு, நண்டு பொறுக்குகின்றன. உப்புக்கொத்தியில் ஒரு வகை, ஒரு கோழி முட்டையின் எடைதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறது! வழியில் தங்கித் தின்னும் சேற்றுக் கரைகள் இல்லாவிட்டால் அதனால் ஊர் போய்ச் சேர முடியாது. நம் முன்னோர் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்ததைக் கேட்ட பிள்ளைகளுக்கு, தங்குமிடத்தின் அருமையை விளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

இன்னொரு பறவையையும் சொல்ல வேண்டும். பொத்தாக் உப்பே என்று மலாயில் அழைக்கப்படும் பால்வெள்ளைப் பெருநாரை. உலகிலேயே அருகிப்போன பறவைகளில் ஒன்று. கடலோரக் காடுகள் அழிந்ததால் நம் நாட்டில் மிகவும் குறைந்துவிட்டது. தேசிய விலங்கியல் பூங்காவில் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து, வளர்த்து, இந்தக் கோலா சிலாங்கூர் பூங்காவில் கொண்டுவந்து விட்டார்கள். அழிப்பது எளிது; திரும்பக் கொண்டுவர எத்தனை ஆண்டு உழைப்பு பாருங்கள்!

ஆரஞ்சு நிறக் குட்டி

வெயில் தாழ்ந்ததும் புக்கிட் மெலாவாத்திக் குன்றின்மேல் ஏறினோம். இது சரித்திரப் புகழ் பெற்ற இடம். சிலாங்கூர் சுல்தான்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் இதைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் அல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே, 1785-இல், சுல்தான் இப்ராஹிம் பகாங் படைத் துணையோடு அதை மீட்டுவிட்டார். பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. அருகில் அரச கல்லறையும், 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும் உள்ளன.

பிள்ளைகளுக்குப் பீரங்கியைவிடக் குரங்குகளைத்தான் பிடித்தது. இங்கே இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. வேறுபாட்டை அறிந்து செல்லுங்கள்.

ஒன்று லூத்தோங். சாம்பல் பூசியதுபோன்ற கருநிறம், தலையில் குடுமி, நீண்ட வால், சாந்தமான முகம். இதன் குட்டியைக் கண்டால் வியந்துபோவீர்கள். பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்! சில மாதங்கள் சென்ற பிறகுதான் தாயின் நிறம் வருகிறது. அந்தக் குட்டியைத் தாய் மட்டும் சுமப்பதில்லை. கூட்டத்திலுள்ள மற்றப் பெண் குரங்குகளும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொள்ளும். “நம்ம லயத்தில அக்கா வீட்டுப் பிள்ளைய ஆளுக்கொரு நேரம் தூக்குற மாதிரியே இருக்கு” என்றார் ஒரு தாய். எல்லாரும் சிரித்தோம். உண்மைதானே!

மற்றொன்று, நம் தோட்டங்களிலும் சுற்றும் கேரா. பழுப்பு நிறம், குறும்பு புத்தி. ஒரு மாணவன் கையிலிருந்த கறிபாப் பையை அது பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பையன் அழுதான். குரங்கோ பையைப் பிரித்துக் கறிபாப்பைத் தின்றுவிட்டு, பையை எங்கள் தலைமேல் போட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. லூத்தோங் இலை தின்னும் பிராணி. அதன் வயிறு மாட்டு வயிறுபோல் அறை அறையாக அமைந்து, இலையைப் புளிக்க வைத்துச் செரிப்பது. ரொட்டியும் மிட்டாயும் அதற்கு ஆகாது. பார்க்க வருகிறவர்கள் கையில் தீனியோடு கூப்பிட்டால், அது மரத்தை விட்டுச் சடக்கில் இறங்கி, வண்டியில் அடிபடுகிறது. ஆற்றில் கழுகுகளுக்குக் கோழித் தோலை வீசிக் காட்டும் படகுகளும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தானாக மீன் பிடிக்கும் பறவையைக் கையேந்த வைப்பது சரியா என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் தீனி எதுவும் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் குரங்குகள் எங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன.

சூரியன் மலாக்கா நீரிணையில் இறங்குவதைக் குன்றின் மேலிருந்து பார்த்தோம். பிற்பகலில் நாங்கள் பார்த்த சேறு முழுவதையும் கடல் ஏறி மூடியிருந்தது. கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்று பசியாறிவிட்டு, கம்போங் குவாந்தானுக்குக் கிளம்பினோம்.

மரம் முழுக்க மின்மினி

கோலா சிலாங்கூர் பட்டணத்திலிருந்து ஆற்றின் உள்பக்கமாகப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது கம்போங் குவாந்தான். இரவு எட்டு மணிக்குச் சிறு படகுகளில் ஏறினோம். எஞ்சின் இரைச்சல் இல்லை. எங்கள் படகுக்காரர் வயதான மலாய்ப் பெரியவர். பிள்ளைகள் அவரைப் பாக் சிக் என்று கூப்பிட்டார்கள்.

இருட்டு. நீர் சலசலப்பு. ஒரு வளைவைத் தாண்டினோம். பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

கரையோரம் ஒரு மரம் முழுவதும் விளக்கு. ஆயிரக்கணக்கான பொட்டு விளக்குகள். அவை தனித்தனியாக மின்னவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எரிந்தன, ஒரே நேரத்தில் அணைந்தன. நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டித் தட்டி விடுவதுபோல் இருந்தது. தீபாவளிக்கு நாம் தொங்கவிடும் சரவிளக்கு எல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

இந்த மின்மினி அரை சென்டிமீட்டரைவிடச் சற்றே நீளமான ஒரு வண்டு. ஆண் வண்டுகள் சேர்ந்து மின்னுவது பெண் வண்டுகளை அழைப்பதற்கு. அந்த ஒளி அதன் உடலில் உள்ள பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் உண்டாவது. வெப்பம் இல்லாத ஒளி; கையில் விட்டாலும் சுடாது. ஆண்டு முழுவதும் காணலாம். கண்ட கண்ட மரத்தில் தங்காது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரத்தையே அதிகம் நாடுகிறது.

பாக் சிக் சொன்ன ஒரு செய்தி எங்களுக்குப் புதிது. மரத்தில் மின்னுவது அதன் வாழ்க்கையில் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே. அதற்கு முன், முட்டையும் புழுவுமாக இருக்கும் மாதங்களை அது மரத்தில் கழிப்பதில்லை. ஆற்றங்கரையின் ஈரமண்ணில், நிப்பா, ரும்பியா மரங்களின் அடியில் கழிக்கிறது. அங்குள்ள சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்றுதான் புழு வளர்கிறது. மரம் மட்டும் இருந்தால் போதாது. கரை மண்ணும் வேண்டும், நத்தையும் வேண்டும், உப்பும் நன்னீரும் சரியான அளவில் கலந்த ஆற்று நீரும் வேண்டும்.

எங்கள் படகில் ஒரு மாணவியின் தாயார் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்கிறவர். நான் பாக் சிக் சொன்னதைத் தமிழில் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “சார், நத்தை அந்தக் கரை மண்ணுலதான் இருக்குமா?”

“ஆமாம்மா.”

“அப்போ நாங்க பம்பு கழுவி ஊத்துற தண்ணி அந்தப் பக்கம்தானே போகுது?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. நம் தோட்டத்துக் கால்வாய் பெரிய கால்வாயில் விழுகிறது. பெரிய கால்வாய் ஆற்றில் விழுகிறது. எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த அம்மா கேட்கும்வரை நான் அதை மின்மினியோடு சேர்த்து நினைத்ததே இல்லை.

பாட்டி சொன்ன கதை

திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். பால்வெட்டில் வாழ்நாளைக் கழித்தவர். “வாத்தியாரே, நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்போ இதைப் பார்க்கப் படகு ஏற வேண்டியதில்லை. எங்க அப்பா மீன் பிடிக்க ஆத்துக்குப் போவாரு. நாங்க கரையில நின்னே பார்ப்போம். மரமெல்லாம் இப்படித்தான் மின்னும். எல்லா இடத்திலயும் இருக்கும்னு நெனச்சோம். எப்போ போச்சுன்னே தெரியல” என்றார்.

எப்போது போயிற்று என்றே தெரியவில்லை! அன்பர்களே, அந்தச் சொல் என் மனத்தைத் தைத்தது.

போனதற்குக் காரணங்கள் உண்டு. ஆற்றங்கரை மரங்களை வெட்டி, தண்ணீர் ஓரம்வரை செம்பனை நட்ட இடங்கள் உண்டு. கரையை உடைத்து இறால் குளம் வெட்டிய இடங்களும் உண்டு. கட்டடங்களின் விளக்கு வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி எடுபடாமல் போகிறது. 2000-களின் தொடக்கத்தில் ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டப்பட்டது. கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள மக்களின் குடிநீரில் சரிபாதிக்கு மேல் இந்த ஆறுதான் கொடுக்கிறது. குடிநீர் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நன்னீர் குறைந்தால் கடல் உப்பு மேலே ஏறும். பெரெம்பாங் மரம் தாங்காது என்று அறிஞர்கள் அன்றே எச்சரித்தார்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு சிலாங்கூர் அரசு, மின்மினிகள் வாழும் ஆற்றுப் பகுதியைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. நம் நாட்டு வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் இந்த மின்மினிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

நம்மால் என்ன ஆகும்?

‘நாம் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். நட்டதும் வெட்டியதும் நாம் முடிவு செய்ததா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தாயாரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மருந்தை வாங்குகிறவர் அவர் அல்லர். கழுவும் இடத்தை ஒதுக்குகிறவரும் அவர் அல்லர். ஆனால் நம் கைக்குள் உள்ளவை சில இருக்கின்றன.

பம்பையும் மருந்து டின்னையும் கால்வாயில் கழுவாதீர்கள். கழுவுவதற்குத் தனி இடம் வேண்டும் என்று மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் கேளுங்கள். அது மின்மினிக்காக மட்டுமல்ல, உங்கள் உடம்புக்காகவும்தான். நம் பெண்கள் பல்லாண்டுகள் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பூச்சிக்கு ஆகாதது மனிதனுக்கும் ஆகாது.

ஆற்றோரம் விட்டு வைக்க வேண்டிய நிலத்துக்கு அளவு உண்டு. ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை விட வேண்டும் என்பது நீர்ப்பாசன, வடிகால் இலாகாவின் வழிகாட்டி. செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசியச் செம்பனைச் சான்றிதழும் ஆற்றோர நிலத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. அந்த ஓரத்தில் மருந்தடிக்கச் சொன்னால், தொழிற்சங்கத்தின் மூலம் மரியாதையாக எடுத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு செய்தி சொல்லி மகிழ்கிறேன். நாங்கள் திரும்பி வந்த மூன்றாம் வாரம், அந்தத் தாயாரும் அவருடன் வேலை செய்யும் நான்கு பெண்களும் மண்டோரிடம் பேசினார்கள். மேட்டுப் பக்கம் தண்ணீர்க் குழாயும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் இப்போது போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நடந்தது, அந்தப் படகுப் பயணத்தால்தான்.

போக விரும்புவோருக்கு

நீங்களும் குடும்பத்தோடு போய் வாருங்கள். சில குறிப்புகள்:

மின்மினிக்கு நிலவில்லாத இரவு நல்லது. அமாவாசையை ஒட்டிய நாள்களைப் பாருங்கள். மழை பெய்தால் நன்றாகத் தெரியாது.

படகில் கைவிளக்கு அடிக்காதீர்கள். கைப்பேசியில் பளிச்சென்று படம் பிடிக்காதீர்கள். மரத்தை உலுக்கவோ வண்டைப் பிடித்துப் போத்தலில் அடைக்கவோ வேண்டாம். கொசுவுக்கு மருந்து அடித்துக்கொள்வதைவிட நீளக்கைச் சட்டை போட்டுச் செல்லுங்கள்.

பறவை பார்க்க விரும்புவோர் செப்டம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் காலையிலோ மாலையிலோ செல்லலாம். பூங்காவில் பலகைப் பாலம் பழுது பார்க்கப்படும் காலங்களும் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாள்களில், சசாரான் கடலில் ஒரு மணல் திட்டு வெளிப்படும். அதன்மேல் மெல்லிய நீர் நின்று வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும். கோலா சிலாங்கூர்த் துறையிலிருந்து படகில் அழைத்துப் போகிறார்கள். மிதவைச் சட்டை அணியாமல் பிள்ளைகளைப் படகில் ஏற்றாதீர்கள்.

சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால் செலவு மிச்சம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வண்டி பேசினால் இன்னும் குறையும். பாட்டி தாத்தாக்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். நமக்குத் தெரியாத கதைகள் அவர்களிடம் இருக்கின்றன.

மறுவாரம் அதே தலைப்பில் மீண்டும் கட்டுரை எழுதச் சொன்னேன். பதினான்கு பேரும் கோலா சிலாங்கூரைப் பற்றியே எழுதினார்கள். எழுத்துப் பிழை மலிந்து கிடந்தது. கறிபாப்பைப் பறிகொடுத்த பையன் குரங்கைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டான். மருந்தடிக்கும் தாயாரின் மகள் இப்படி முடித்திருந்தாள்: ‘நான் பெரியவளாகி என் பிள்ளையை அழைத்துப் போகும்போதும் அந்த மரம் மின்ன வேண்டும்.’

அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்த மரம் மின்னிக்கொண்டே இருக்க வேண்டியதைச் செய்வது நம் பொறுப்பு.